அழகர் ஆற்றில் இறங்கியாச்சு, அடுத்து எங்கே?

மே மாத விடுமுறையில் வெளிநாட்டில் ஒரு திருவிழா பார்க்க ஆசை. முதல் பயணம். கையில் பெரிய பணம் இல்லை. எங்கே போகலாம்?
(வாசகி, திருமங்கலம்)

கொழும்புக்குப் போங்கள், பௌத்தர்களின் பௌர்ணமித் திருவிழாவான வெசாக் பார்க்க. மதுரையில் விமானம் ஏறினால், வைகை எக்ஸ்பிரஸ் திருச்சியைத் தொடுவதற்குள் அங்கே இறங்கிவிடலாம். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், மறைந்ததும் இந்தப் பௌர்ணமியில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. 2023லும் 2025லும் நம் அழகர் ஆற்றில் இறங்கிய அதே பௌர்ணமியில் வெசாக்கும் வந்தது. 2024இல் சரியாக ஒரு மாதம் தள்ளி, மே 23. அதனால் தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டு ஒன்றைக் கோட்டை விட்டவள் நான்.

எல்லோரும் பெரிய பெரிய தோரணங்களைத்தான் சொல்வார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் படமாக வரைந்து, ஆயிரக்கணக்கான பல்புகளை ஓடவிட்டிருப்பார்கள். அழகுதான். ஆனால் செல்லூரில் ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்குப் பிடித்தது தன்சல். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சோறு, அவித்த கடலை, சர்பத், ஐஸ்கிரீம்கூட இலவசமாகக் கொடுப்பார்கள். ஓடுகிற பஸ்ஸை மறித்து உள்ளே இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நம்மூர் நீர்மோர்ப் பந்தல்தான், ராத்திரி முழுக்க நடக்கிறது. நான் ஐஸ்கிரீம் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன், செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. முன்னால் நின்ற அம்மா தன் பிள்ளையின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

இரண்டு நாள் விடுமுறை விடுவார்கள். இரண்டாம் நாள் ராத்திரி சுற்றுங்கள், கூட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். மே மாதக் கொழும்பில் சாயங்கால மழை சகஜம், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். சீன ஊர்களில் திருவிழா பார்க்கப் போனால் பட்டினிதானா?
(வாசகர், மேலூர்)

ஹாங்காங்கில் சியுங் சாவ் என்ற குட்டித் தீவு இருக்கிறது. படகில் போக வேண்டும். சீன நாட்காட்டியில் நாலாம் மாதம் எட்டாம் தேதியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், அங்கே பன் திருவிழா. அந்த நாட்களில் சைவம் சாப்பிடுவதுதான் ஊர் மரபு, பர்கர் கடைகூடச் சைவத்துக்கு மாறியதுண்டு! சின்னப் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி, மறைத்து வைத்த இரும்புக் கம்பியில் நிறுத்தித் தூக்கி வருவார்கள். பிள்ளைகள் காற்றில் மிதப்பது போலவே இருக்கும்.

நடுராத்திரியில் பன் கோபுரம் ஏறும் போட்டி. நம் வழுக்குமரம் மாதிரி. 1978இல் கோபுரம் சரிந்து பலருக்கு அடிபட்டதால் நிறுத்திவிட்டார்கள். 2005இல் மறுபடி தொடங்கியபோது இரும்புச் சட்டம், கயிறு, பயிற்சி எல்லாம் வந்துவிட்டன. இப்போது கோபுரத்தில் இருப்பது பிளாஸ்டிக் பன். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சரி, உயிர் பெரிதல்லவா?

இங்கிலாந்தில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு விரட்டுவார்களாமே, நிஜமா?
(வாசகர், அலங்காநல்லூர்)

நிஜம்தான். குளோஸ்டர்ஷயரில் கூப்பர்ஸ் ஹில் என்ற செங்குத்துச் சரிவு. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மூன்று நாலு கிலோ சீஸை மேலிருந்து உருட்டிவிட, பின்னாலேயே ஆட்கள் பாய்ந்து உருண்டு வருவார்கள். கீழே முதலில் வந்தவருக்கு அந்தச் சீஸே பரிசு. கை கால் முறிவதும் உண்டு. உங்கள் ஊர் வாடிவாசலைப் பார்த்தவருக்கு இது புதிதா என்ன?

வெளிநாட்டு நண்பர் சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறார். ஆற்றுக்குள் எங்கே நிற்க வைப்பது?
(வாசகர், பழங்காநத்தம்)

ஆற்றுக்குள் வேண்டாம். முந்தின நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடிக்குக் கூட்டிப் போங்கள், கையில் ஒரு சர்க்கரைச் செம்பு கொடுத்து. அப்புறம், ஆற்றில் இறங்கியதற்கு மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் அழகருக்குத் தசாவதார அலங்காரம். ஜமுக்காளம் ஒன்று கொண்டு போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களோடு அவரும் உட்காரலாம். மோகினி அவதாரம் வர விடிந்துவிடும். அதுவரை அவர் கண் சொருகாமல் பார்த்துக்கொள்ளச் சுக்குமல்லிக் காபி உங்கள் பொறுப்பு.