நர்ஸ்கள் ஆராய்ச்சி செய்வதால் நோயாளிக்கு என்ன பயன்?

ஊசி போடத் தெரிந்தால் போதாதா, ஆய்வு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. படுக்கைப் புண் வருமா என்று முன்கூட்டியே கணிக்கும் பிரேடன் அளவுகோலை உருவாக்கியவர்கள் இரண்டு அமெரிக்க நர்ஸ்கள், 1987-இல் வெளியானது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு ஆகிய 6 விஷயங்களுக்கு மதிப்பெண். குறைந்தால் ஆபத்து, நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பார்கள்.

அமெரிக்க நர்ஸிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கென் குழுவின் 2002 ஆய்வு இன்னும் காரம். பென்சில்வேனியா மருத்துவமனைகளில், நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. (நிர்வாகங்களுக்குப் பிடிக்காத கணக்கு!)

அப்புறம், நம் தாராவிக்கே வாருங்கள். சர்க்கரை நோயுள்ள தமிழ்ப் பாட்டியிடம் கால் பராமரிப்பை இந்தியில் சொல்லிவிட்டுப் போவதா, தமிழில் விளக்கி அவரையே திருப்பிச் சொல்ல வைப்பதா, எதில் புண் குறைகிறது? இதை அளக்க டாக்டரைவிட வீடு வீடாகப் போகும் நர்ஸுக்குத்தான் வசதி.