அரிசோனாவில் போலீஸ் பேப்பர் கேட்டால்

அரிசோனாவில் உங்கள் காரை நிறுத்திய போலீஸ், லைசென்ஸைக் காட்டிய பிறகும் "எந்த நாடு, விசா எங்கே?" என்று துருவினார்கள் என்றீர்களே, படித்ததும் கொதித்தது சார். 2010இல் வந்த எஸ்பி 1070 என்ற அரிசோனா மாநிலக் குடியேற்றச் சட்டத்தில் வழக்குக்குப் போன நான்கு பிரிவுகளில் மூன்றை 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. போலீஸ் நிறுத்திய நபரின் குடியேற்ற நிலையை விசாரிக்கும் பிரிவு தப்பிவிட்டது. அதற்கும் நியாயமான சந்தேகம் வேண்டும், தோல் நிறம் போதாது. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டி ஷெரிஃப் (காவல் தலைவர்) அலுவலகம் லத்தீன் மக்களை இப்படிக் குறிவைத்தது சட்டவிரோதம் என்று 2013இல் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

நீங்கள் ஹெச்1பி வேலை விசாவில் இருப்பதால், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் பிரிண்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். அப்படி வைத்திருக்கச் சொல்வது கூட்டாட்சிச் சட்டம். பொய் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். காரைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால் மறுக்கலாம். அந்த அதிகாரியின் பேட்ஜ் எண், இடம், நேரம் எல்லாவற்றையும் இன்றே எழுதிவைத்து, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.