கேளுங்க, சொல்றேன்: சிகாகோ போற அக்காவுக்கும் லாரி மேல நாடகம் பாக்க ஆசப்பட்ட அண்ணனுக்கும்

போன இதழ்ல அமெரிக்காவுல இருக்கிற லத்தீனோ மக்கள (மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ மாதிரி லத்தீன் அமெரிக்க ஊருங்கள்லேருந்து வந்தவங்க) பத்தி ஒரு கேள்விக்கு ரெண்டே வரி பதில் போட்டேன், அதுக்கு இவ்ளோ லெட்டரும் வாட்ஸ்அப்பும் வரும்னு நெனைக்கவே இல்ல, நம்ம மலேசியத் தோட்டத்துப் புள்ளைங்க பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க போல. அதனால இந்தத் தடவ முழுக்க அதேதான், ராசிபலன் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்குங்க.

மகன் சிகாகோல இருக்கான், மருமகளுக்குப் பிரசவம், மூணு மாசம் அங்க தங்கப் போறேன். வீடு பில்சன்ங்கிற எடத்துல, சுத்தி எல்லாம் மெக்சிகோக்காரங்களாம். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய போகணும்னா எங்க போறது? (வாசகி, சுங்கை சிப்புட்)

அக்கா, நல்ல எடத்துலதான் மாட்டியிருக்கீங்க. பில்சன்ல 19வது தெருவுல ஹாரிசன் பார்க் இருக்கு, அங்கதான் மெக்சிகோ கலைக்கான தேசிய மியூசியம், நுழைவு இலவசம், ஒரு காசு கேக்க மாட்டாங்க, திங்கக்கிழம மட்டும் மூடியிருக்கும். இதப் பெரிய பணக்காரங்க யாரும் கட்டல. கார்லோஸ் டொர்டொலேரோன்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், கூட வேல செஞ்ச மத்த வாத்தியார்ங்கள சேத்துக்கிட்டு 1982ல ஆரம்பிச்சாரு, நம்ம புள்ளைங்க படிக்கிற புக்குல நம்மளையே காணோமேங்கிற ஆதங்கம்தான், 1987ல கதவத் தொறந்தாங்க. அப்போலேருந்து வருஷா வருஷம், செத்தவங்களுக்குப் படையல் போடற இறந்தவங்க நாளுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறாங்க, அந்த சீசன்ல நீங்க அங்க இருந்தா விட்டுடாதீங்க.

ரயில்ல வந்தா பிங்க் லைன்ல 18வது தெரு ஸ்டேஷன், அந்த ஸ்டேஷன் படிக்கட்டுலேருந்தே சுவரெல்லாம் ஓவியம். ஆனா என்னக் கேட்டா மொத நாளே மியூசியம் வேணாம், மொதல்ல ரொட்டிக் கடைக்குப் போங்க, பனதேரியாம்பாங்க, ஒரு தட்டும் இடுக்கியும் கையில எடுத்துக்கிட்டு நீங்களே பொறுக்கிக்க வேண்டியதுதான், சிப்பி மாதிரி கோடு போட்ட கோன்ச்சா பன் வாங்குங்க, காப்பிக்கு நல்லாருக்கும். அங்க வர்ற வயசான பொம்பளைங்க நெறைய பேருக்கு ஒங்க இங்கிலீஷ்தான் இருக்கும், கூச்சப்படாதீங்க. குழந்தையோட போனீங்கன்னா அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

இன்னொண்ணு. எல்லாரையும் மெக்சிகோன்னு நெனச்சிடாதீங்க. அதே ஊர்ல டிவிஷன் ஸ்ட்ரீட்ல ரெண்டு பெரிய இரும்புக் கொடி நிக்கும், 59 அடி ஒசரம், 1995ல வெச்சது, அது கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோக்காரங்களோட ஏரியா. அவங்க 1917லேருந்து அமெரிக்கக் குடிமக்கள், விசா கிசா எதுவும் இல்லாம வந்தவங்க, அவங்க கதையே வேற. பக்கத்து ஹம்போல்ட் பார்க்ல பழைய குதிரை லாயத்துல அவங்க மியூசியமும் இருக்கு. மூணு மாசத்துல ரெண்டையும் பாத்துடலாம். ஆங், பில்சன்ல வாடகை ஏறி ஏறி பழைய குடும்பங்க நெறைய பேரு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, சுவத்துல படம் இருக்கும் வரஞ்சவங்க வீட்டாளுங்க இருக்க மாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டே பாருங்க.

இறந்தவங்க நாளுன்னு மண்டை ஓட்டு முகமூடி போட்டுக்கிட்டு ஆடறாங்களாமே, அமெரிக்காவுல இருக்கிற மக அதுக்குக் கூப்பிடறா. போனா தோஷமில்லையா? (வாசகி, தைப்பிங்)

தீபாவளிக்கு மொத நாள் நீங்க படையல் போடறீங்கல்ல? தாத்தாவுக்குப் புடிச்ச ஆட்டுக்கறி, ஒரு பாட்டில் பீரு, சிகரெட் பாக்கெட், போட்டாவுக்கு மால. அங்கயும் அதேதாங்க. நவம்பர் 1 செத்துப்போன குழந்தைங்களுக்கு, 2 பெரியவங்களுக்கு. போட்டா, தண்ணி, உப்பு, மெழுகுவத்தி, கோபால்னு ஒரு மரத்துப் பிசின்ல சாம்பிராணி, அதுக்குன்னே சுடற ரொட்டி, அவங்க உயிரோட இருந்தப்ப விரும்பிச் சாப்ட்டது. வழி தெரிஞ்சு வீட்டுக்கு வரணும்னு ஆரஞ்சு செண்டுமல்லி இதழ வாசல்லேருந்து தூவி விடுவாங்க, நாம மாலையில கோக்குற அதே பூ, அதுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். மண்டை ஓடு பயமுறுத்த இல்ல, சும்மா சாவையே கிண்டல் பண்றது.

அமெரிக்காவுல இது வீட்டுக்குள்ளயும் கல்லறையிலயும் இருந்ததுதான், தெருவுக்குக் கொண்டு வந்ததுல ஓவியர்ங்களுக்குப் பெரிய பங்கு. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல கேரன் பொக்கலேரோன்னு ஒரு கன்னியாஸ்திரி, மெக்சிகோ ஓவியர் ரெண்டு பேரோட சேந்து 1970ல ஒரு கராஜ்ல ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை போட்டாங்க, செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்னு பேரு, அதுதான் 70கள் தொடக்கத்துல அங்க ஊர்வலமெல்லாம் ஆரம்பிச்சது, சான் பிரான்சிஸ்கோல கலேரியா தெ லா ராசாங்கிற ஓவியக் கூடமும் அதே சமயம். போங்க. ஆனா முகத்துல வரஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கிறதுக்கு மட்டும் போகாதீங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி காகிதம் வெட்டற வகுப்பு, படையல் மேடை கட்டற வேலயெல்லாம் நடக்கும், அதுல போய் ஒக்காருங்க. யாராவது வீட்டுப் படையல போட்டா எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, நம்ம வீட்டுல வந்து ஒருத்தன் கேக்காம எடுத்தா எப்படி இருக்கும்.

நான் முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டுனவன், சங்கத்துலயும் இருந்தேன். அங்க தோட்டத் தொழிலாளிங்க லாரி மேல நாடகம் போட்டாங்கன்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தீங்க. விவரம் வேணும். (வாசகர், கோலகங்சார்)

அண்ணே, இது எனக்கும் புடிச்ச கத. 1965 செப்டம்பர் 8, கலிபோர்னியாவுல டெலானோ, திராட்சைத் தோட்டம். வேலைநிறுத்தத்த மொதல்ல ஆரம்பிச்சது பிலிப்பைன்ஸ்காரங்க, லாரி இட்லியாங் தலைமையில (வண்டி இல்லண்ணே, ஆளோட பேரே லாரிதான்). ஒரு வாரம் கழிச்சு மெக்சிகோ தொழிலாளிங்க சங்கமும் சேந்துக்கிச்சு. அங்க அதே டெலானோல தோட்டத் தொழிலாளிக் குடும்பத்துல 1940ல பொறந்த லூயிஸ் வால்டெஸ் படிச்சு முடிச்சு நாடகக்காரனா திரும்பி வந்தாரு, வந்து நடிகருங்கள தேடல, மறியல்ல நின்னவங்களையே நடிக்க வெச்சாரு. மேடை கெடையாது, பக்கப் பலகை இல்லாத லாரியோட தட்டு. வேஷம் கெடையாது, கழுத்துல ஒரு அட்டை, ஒருத்தர் கழுத்துல முதலாளி, ஒருத்தர் கழுத்துல கருங்காலி, அவ்ளோதான், கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். நேத்து தொரைகிட்ட திட்டு வாங்குன ஆளு இன்னிக்கு தொரை அட்டைய மாட்டிக்கிட்டு நடந்து காட்டுவான், கூட்டம் சிரிக்கும், வேலைக்குப் போலாமா வேணாமான்னு நின்னுக்கிட்டிருந்தவனும் சிரிப்பான், அதுக்கப்பறம் அவன் உள்ள போறது கஷ்டம்.

எல் தியேட்ரோ கம்பெசினோன்னு அந்தக் குழுவுக்குப் பேரு. 1966ல டெலானோலேருந்து சாக்ரமெண்டோவுக்கு சுமார் முந்நூறு மைல் நடந்தே போனாங்க, ராத்திரி தங்குற எடத்துலல்லாம் நாடகம். 1970லதான் பெரிய திராட்சை முதலாளிங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, அஞ்சு வருஷம்ணே. குழு பின்னாடி சான் ஹுவான் பவுத்திஸ்தாங்கிற சின்ன ஊருக்குக் குடி வந்து, கிறிஸ்மஸுக்கு அங்க இருக்கிற பழைய மாதாகோயிலுக்குள்ளயே நாடகம் போடற வழக்கமும் வந்திருச்சு. ஒங்க பேரன் பேத்தி யாராவது கலிபோர்னியாவுல இருந்தா டிசம்பர்ல போகச் சொல்லுங்க.

நம்ம கோயில் திருவிழாவுல அரிச்சந்திரா போட்டப்ப கணக்கெழுதற கிராணி மாதிரி, வேல வாங்குற மண்டோர் மாதிரி கோமாளி பேசிக் காட்டுவான்ல, அதுக்குத்தான் கைதட்டு ஜாஸ்தி. அத யாரும் எழுதி வெக்கலையேன்னு எனக்கு வருத்தம்தான்.

அவங்க ஊர்லயும் ரப்பர் இருக்கா? (அதே வாசகர், பின்குறிப்பு)

இருக்காவா! மரமே லத்தீன் அமெரிக்காவோடதுதாண்ணே. 1876ல விக்காம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்லேருந்து சுமார் எழுபதாயிரம் விதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, மறு வருஷம் 22 கன்னு சிங்கப்பூர் வந்துச்சு, அதுல ஒம்போது ஒங்க கோலகங்சாருக்கே வந்துச்சு. அங்க பிரேசில்ல நம்ம மாதிரி நெரை கட்டி நட முடியல, இலையில ஒரு பூஞ்சை நோய் பரவி தோட்டத்தையே காலி பண்ணிடும், ஃபோர்டு கார் கம்பெனி 1928ல போட்ட தோட்டமும் அப்படித்தான் போச்சு. அதனால காட்டுக்குள்ள அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கிற மரத்த தேடிப் போய் வெட்டணும், தலையில வெளக்கு, விடியறதுக்கு முன்னாடி. அந்தப் பால்வெட்டுக்காரங்க சங்கத் தலைவர் சிக்கோ மென்டெஸ், காட்ட அழிக்க விடமாட்டோம்னு நின்னதுக்காக 1988 டிசம்பர்ல சுட்டுக் கொன்னாங்க.

சிகாகோ தவிர வேற ஊர்ல இருக்கிற புள்ளைங்களுக்கு? (பல பேரு)

நியூயார்க்னா எல் மியூசியோ டெல் பாரியோங்கிற மியூசியம், 1969ல ஒரு ஸ்கூல் வகுப்பறையில ஆரம்பிச்சது, இப்ப ஃபிஃப்த் அவென்யூல இருக்கு. சான் அந்தோனியோன்னா குவாதலூப்பே கலை மையம், 1980லேருந்து இருக்கு, ஆர்மோனியப் பெட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு அக்கார்டியன வெச்சு வாசிக்கிற கொன்ஹுன்டோ இசைக்கு விழா நடத்துறாங்க. சான் டியாகோன்னா கண்டிப்பா சிகானோ பார்க் (சிகானோன்னா அமெரிக்காவுல இருக்கிற மெக்சிகோ வம்சாவளி), பாலம் கட்டறதுக்கு வீட்டெல்லாம் இடிச்சுட்டு, பார்க் தரேன்னு சொன்ன எடத்துல போலீஸ் ஸ்டேஷன் கட்ட புல்டோசர் வந்தப்ப, 1970 ஏப்ரல் 22ல ஜனங்க போய் ஒக்காந்துட்டாங்க, நிலத்த வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க, அப்பறம் பாலத்துத் தூணெல்லாம் ஓவியம். அமெரிக்க அரசாங்கமே 2016ல அத தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சது.

நம்ம டவுன்ல இப்படி ஏதாச்சும் பண்ணலாம்னு நாங்க சில பேரு பேசிக்கிட்டிருக்கோம், காசு இல்ல. (இளைஞர் மன்றம், சுங்கை சிப்புட்)

தம்பிங்களா, தங்கச்சிங்களா, பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டத்தையே வாங்குன ஆளுங்க நாம, 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்ச துன் சம்பந்தன் ஒங்க ஊர்க்காரர்தான், அதனால காசு இல்லங்கிறத என்கிட்ட சொல்லாதீங்க. கட்டடம் தேடி அலையாதீங்க, தமிழ்ப்பள்ளி மண்டபம் ஒரு சனிக்கிழமைக்குக் கெடைக்குமான்னு கேளுங்க. பால்வெட்டுக் கத்தி, பால் புடிக்கிற மங்கு, காலையில ஆளெடுக்கிற பெரட்டுல அடிச்ச மணி, புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகை போட்டா, எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லுங்க, கொண்டு வந்தவங்களையே அது பக்கத்துல ஒக்கார வெச்சுப் பேச விடுங்க, நீங்க போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. யாரு கொடுத்தாங்கன்னு எழுதி ஒட்டுங்க, சாயங்காலமே திருப்பிக் குடுத்துடுங்க, இல்லாட்டி அடுத்த தடவ யாரும் தர மாட்டாங்க. விஐபிய கூப்பிட்டு குத்துவெளக்கு ஏத்துற வேலய ரெண்டாவது வருஷம் பாத்துக்கலாம்.

எனக்கு 56 வயசு. சல்சா ஆடக் கத்துக்கலாமா? மக சிரிக்கிறா. (வாசகி, ஈப்போ)

சிரிக்கட்டும். சல்சா 60, 70கள்ல நியூயார்க்ல புவேர்ட்டோ ரிக்கோ, கியூபாக்காரங்க மத்தியில வளந்த ஆட்டம், கல்யாண வீட்டுல தாத்தா பாட்டியெல்லாம் ஆடறதுதான். அடி சின்னதா வெச்சா போதும், எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடி. ஸ்போர்ட்ஸ் ஷூ மட்டும் வேணாம், தரையப் புடிச்சுக்கிட்டு முட்டியத் திருகிடும், அடிப்பக்கம் வழவழன்னு இருக்கிற செருப்பா பாத்து வாங்குங்க.