பெட்டியில் 550, ஓடுவது 275: எஸ்எஸ்டி ஏன் இழுக்கிறது?

கேள்வி: திருமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப்பில் போன வருடம் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டேன். அட்டையில் நொடிக்கு 550 எம்பி வேகம் என்று இருக்கிறது. வேகத்தைச் சோதிக்கும் கிரிஸ்டல் டிஸ்க்மார்க் மென்பொருளில் 275-ஐத் தாண்டவில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து கல்யாண வீடியோக்களை ஏற்றினால் முதலில் நன்றாகப் போய், பிறகு 60-க்கு இறங்கிவிடுகிறது. இப்போது 80 ஜிபிதான் காலி. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேபிளை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில் டூப்ளிகேட் எஸ்எஸ்டி என்றார்கள். எதை நம்புவது சார்?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பது வேறு வேறான இரண்டு பிரச்சினைகள்.

முதலில் 275. டிரைவை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பில் ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் செலவாகும். அதனால் நொடிக்கு 6 கிகாபிட் இணைப்பின் உச்சம் 600 எம்பி, நடைமுறையில் 550. பழைய 3 கிகாபிட் இணைப்பில் உச்சம் 300. கைக்குக் கிடைப்பது 270, 280. உங்கள் எண் அப்படியே அங்கே போய் உட்காருகிறது. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து 'டிரான்ஸ்ஃபர் மோடு' வரியைப் பாருங்கள். 'சாட்டா/300 | சாட்டா/600' என்று இருந்தால், இடப்பக்கம் இருப்பது இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவால் முடிந்தது.

அப்புறம், சிபியு-இசட் மென்பொருளில் மதர்போர்டின் பெயரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் அசெம்பிள் செய்தவற்றில் எச்61 போர்டுகள் ஏராளம். அவற்றில் உள்ள இன்டெலின் எச்61 சிப்செட்டில் (டிரைவ் போன்றவற்றை இணைத்துக் கொடுக்கும் மதர்போர்டு சிப்) 6 கிகாபிட் சாட்டா கிடையவே கிடையாது. எந்த கேபிளும் அதை மாற்றாது. பி75 என்றால் சிப்செட்டிலிருந்து ஒரே ஒரு 6 கிகாபிட் போர்ட் உண்டு, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். எஸ்எஸ்டியை அதில் மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது.

கேபிள் சந்தேகத்தைத் தீர்க்க, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 என்ற சிஆர்சி பிழை (தரவு கேபிளில் கடக்கும்போது நேரும் பிழை) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் அது ஏறினால் மட்டும் கேபிளை மாற்றுங்கள்.

எச்61 என்று தெரிந்தால் மதர்போர்டை மாற்றலாமா? என் கருத்து, வேண்டாம். விண்டோஸ் திறப்பது, போட்டோஷாப் திறப்பது எல்லாம் சின்னச் சின்ன வாசிப்புகள். அவை 300 எம்பி எல்லையைத் தொடுவதே அரிது. அதோடு, நீங்கள் ஏற்றுவது ஹார்டு டிஸ்க்கிலிருந்து. அதுவே 200 எம்பி கொடுத்தால் பெரிய விஷயம்.

உங்கள் தொழிலைத் தடுப்பது அந்த 60தான். இன்றைய எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லில் (தரவைச் சேமிக்கும் மிகச் சிறிய அறை) மூன்று பிட் எழுதினால் டிஎல்சி, நான்கு என்றால் கியூஎல்சி. அப்படி எழுத நேரமாகும். அதனால் காலி இடத்தில் ஒரு பகுதியை எடுத்து, செல்லுக்கு ஒரே பிட் வீதம் வேகமாக எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது டிரைவ் அதை ஒழுங்குபடுத்தும். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தத் தற்காலிக இடமும் சுருங்கும். 80 ஜிபி காலியில், முகூர்த்த நாளின் முழு வீடியோவையும் ஒரே மூச்சில் ஏற்றினால் பாதி வழியில் மூச்சு வாங்கத்தான் செய்யும். டூப்ளிகேட் என்று சொல்ல இது போதாது.

முடிந்த கல்யாணங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி (இன்னொரு பிரதியும் இருக்கட்டும்) 200 ஜிபியாவது காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'டிஃப்ராக்' என்று தட்டி, வரும் பட்டியலில் டிரைவுக்கு எதிரே 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்கிறதா பார்த்து, 'ஆப்டிமைஸ்' கொடுங்கள். அழித்த இடங்கள் எவை என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லும் டிரிம் வேலை அது. ஓர் இரவு சும்மா ஓடவிட்டு மறுநாள் சோதியுங்கள். டிஸ்க்மார்க்கின் வழக்கமான 1 ஜிபி சோதனை அந்தத் தற்காலிக இடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 64 ஜிபி என்று மாற்றுங்கள்.

அப்போதும் எழுதும் வேகம் 60-லேயே நின்றால் அந்த டிரைவின் சுபாவமே அவ்வளவுதான். அதை விண்டோஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீடியோ வேலைக்கு டிராம் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) உள்ள டிஎல்சி எஸ்எஸ்டியாகக் கேட்டு வாங்குங்கள்.