கபுத்தோ கேள்வி-பதில்: முதலில் உள்பக்கத்தைக் காட்டுங்கள்

ஜப்பானியச் சாமுராய்களின் தலைக்கவசமான கபுத்தோவைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படமே இல்லாதவை. படம் வைத்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் முகப்பை மட்டும் எடுத்திருக்கிறார்கள். நெற்றிச் சின்னம் பளபளவென்று தெரிகிறது, சரி. கவிழ்த்துப் பிடித்து உள்ளே ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் என்று எத்தனையாவது தடவையாகச் சொல்கிறேனோ தெரியவில்லை. பதில் சொல்ல முடிந்தவற்றுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கே: தாத்தா ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கபுத்தோ ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: கார் ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? படம் அனுப்புங்கள். உள்பக்கமும்.

கே: உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அம்பு துளைத்ததா? விற்றவர் அப்படித்தான் சொன்னார்.

ப: அம்பு இல்லை. அதற்குப் பெயர் தெஹென். ஆதியில் சாமுராய் தன் குடுமியையும் மென்துணித் தொப்பியின் நுனியையும் அதன் வழியாக வெளியே எடுத்துவிடுவார். ஹெயான் காலக் (794–1185) கபுத்தோக்களில் அது பெரிதாக இருக்கும். பிற்பாடு தலைமுடியை அவிழ்த்துவிட்டு அணியும் வழக்கம் வந்ததும் ஓட்டை சிறுத்தது, அதைச் சுற்றிய அலங்காரம் பெருத்தது. அடுக்கடுக்கான செவ்வந்தி இதழ்கள், தங்க முலாம் பூசிய செம்பு வளையம், நடுவில் சின்னக் கழுத்து. நல்ல வேலைப்பாட்டில் ஒவ்வொரு அடுக்கும் தனித் தகடு. ஒரே தகட்டில் அச்சடித்து இதழ் போலக் காட்டியிருந்தால் யோசியுங்கள். விற்றவரிடம் இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் இருமுறை யோசியுங்கள்.

கே: என்னிடம் உள்ளதில் பெரிய தங்கப் பிறை இருக்கிறது, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. இது பிறைச் சின்னத்துக்குப் பேர்போன போர்த்தலைவர் தாத்தே மசாமுனேயினுடையதாக இருக்க வாய்ப்பு உண்டா?

ப: இல்லை. அவருடையது செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கே: 62 தகடு என்று சொல்லி விற்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. 62-க்கு என்ன அப்படி மவுசு? சுஜி நல்லதா, ஹோஷி நல்லதா?

ப: நல்லது கெட்டது இரண்டிலும் உண்டு. ஹோஷியில் ஆணித்தலைகள் வெளியே நட்சத்திரம் போலத் தெரியும். சுஜியில் ஆணியைத் தட்டி மட்டமாக்கிவிட்டு, ஒவ்வொரு தகட்டின் ஒரு விளிம்பை மட்டும் வெளிப்பக்கம் மடித்து நிமிர்த்தியிருப்பார்கள். அந்த மடிப்புதான் கோடு.

62-க்கு மவுசு ஏன் என்றால், வேலை. கீழே அகன்று மேலே குறுகும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் ஏறி உட்கார வேண்டும். ஒரு தகட்டில் நூலளவு பிசகினால் அது 62-ஆவது தகட்டில் வந்து பல்லிளிக்கும். கோடுகள் எல்லாம் உச்சியில் தெஹெனைச் சரிசமமாகத் தொட வேண்டும். ஹோஷியாக இருந்தால் மொத்த ஆணிகள் ஆயிரத்தைத் தாண்டும். அடியிலிருந்து உச்சிக்குப் போகப் போக ஆணித்தலை சிறுத்துக்கொண்டே போக வேண்டும். பழைய ஹிட்டாச்சி மாகாணத்துச் சாவோதோமே பட்டறைக்காரர்கள் இந்த வேலையில் பேர்போனவர்கள். பெரும்பாலும் அரக்குகூடப் பூசாமல் இரும்பை அப்படியே செம்பழுப்பாக விட்டிருப்பார்கள். ஒளித்து மறைக்க ஒன்றும் இல்லை என்கிற திமிர் அது. எனக்குப் பிடித்த திமிர்.

எண்ணும்போது முன்பக்கத் தகட்டில் தொடங்கி ஒரே திசையில் போங்கள். முன்னும் பின்னும் உள்ள அகலத் தகடுகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்புறம், தகடு எண்ணிக்கையே தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து தகட்டில் தலையின் வடிவத்துக்கே செய்த எளிய ஸுனாரி வகை, நல்ல கொல்லன் கையில், மட்டமான 62-ஐ விட எவ்வளவோ மேல்.

கே: உள்ளே துணி தைத்து மூடியிருக்கிறது. கொல்லரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க அதைப் பிரிக்கலாமா? நொபுஇயே கையெழுத்து இருந்தால் விலை பல மடங்கு என்று கேள்விப்பட்டேன்.

ப: பிரிக்காதீர்கள். கத்தி, பிளேடு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

அந்தத் துணிக்கு உகெபாரி என்று பெயர். சணல் துணியை மடித்து, வட்ட வட்டமாக நெருக்கித் தையல் போட்டிருப்பார்கள். தலை இரும்பில் இடிக்காமல் அந்தரத்தில் தாங்குவது அதுதான். பழைய உகெபாரி உள்ள கபுத்தோ இன்றைக்கு அரிதாகிக்கொண்டே வருகிறது. காரணம் கரப்பான் இல்லை, பூச்சி இல்லை. உங்களைப் போலக் கையெழுத்து தேடுகிறவர்கள்.

நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். முதல் முதலாக வாங்கிய 32 தகட்டுச் சுஜி. விற்றவர் “உள்ளே பேர் இருக்கலாம்” என்று ஒரு வார்த்தை போட்டார், அவ்வளவுதான். அன்று ராத்திரியே சவர பிளேடு எடுத்துப் பின்பக்கத் தையலை அறுத்தேன். துணி நெற்றிப் பக்கம் வியர்வை பட்டுத் தேன் நிறத்தில் கறுத்திருந்தது. தையல் நூல் தொட்டாலே தூளாக உதிர்ந்தது. உள்ளே வெறும் இரும்பு. அரக்குப் பூச்சின் அடியில் சுத்தியல் தடங்கள் மட்டும். ஒரு எழுத்துகூட இல்லை. திரும்பத் தைக்க ஆள் தேடினேன், புதுத் துணி போடுகிறேன் என்றார்களே தவிரப் பழையதை உயிர்ப்பிக்க யாராலும் முடியவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதை. எனக்குச் சித்திரமும் கிடைக்கவில்லை.

சரி, எழுத்து கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். அது என்னவாம்? மியோச்சின் என்ற கவசக் கொல்லர் குடும்பம் எடோ காலத்தில் (1603–1868), போர்களெல்லாம் ஓய்ந்து வியாபாரம் படுத்த பிறகு, தங்கள் வம்சாவளியை ஆதிகாலம் வரைக்கும் நீட்டி எழுதிக்கொண்டது. பெயரில்லாத பழைய கபுத்தோக்களைப் பார்த்து “இது எங்கள் முன்னோர் இன்னார் செய்தது” என்று சான்றோலை கொடுத்தது. அதில் அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று நொபுஇயே. பதினாறாம் நூற்றாண்டில் இருந்த அந்த மனிதர் ராத்திரி பகலாகச் சம்மட்டி பிடித்திருந்தாலும் இன்று அவர் பெயரில் உலவுகிறவற்றில் பாதியைக்கூடச் செய்திருக்க முடியாது. கையெழுத்தைப் பிற்காலத்தில் வெட்டிச் சேர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உளி ஒன்று, அரைமணி நேரம், மனசாட்சி இல்லாமை, அவ்வளவுதான் வேண்டும்.

ஆகவே முதலில் இரும்பைப் பாருங்கள். தகட்டின் வளைவு, ஆணி வரிசை, நெற்றிமறைப்பு கிண்ணத்தோடு சேரும் இடம், விளிம்பில் ஓடும் முலாம் பட்டை எங்கே எப்படி முடிகிறது. பட்டறையை, பகுதியை, காலத்தை இவையே சொல்லும். பெயர் கடைசியில் வரட்டும். துணி ஏற்கெனவே எங்காவது கிழிந்திருந்தால் அந்த வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பின்பக்கத் தகட்டைப் பார்க்கலாம், எழுத்து இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். ஜப்பானிலேயே கவசங்களுக்கான ஆய்வுப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தரச்சான்று வழங்குகிறது. அதற்கு அனுப்புவதானாலும் துணியோடு அனுப்புங்கள்.

ஒருவர் போன மாதம் உகெபாரியை முழுக்க உருவி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, “இப்போது உள்பக்கப் படம் தெளிவாக இருக்கிறதா?” என்று எனக்கு எழுதினார். தெளிவாக இருந்தது. படம் எடுங்கள் என்று நான் சொன்னது துணியை எடுங்கள் என்று அர்த்தமில்லை ஐயா.

கே: காதோரம் மடிந்த தகடுகளில் (ஃபுகிகாயேஷி) ஒட்டியிருக்கும் தோலில் தேதி அச்சாகியிருக்கிறது. மொழிபெயர்த்துப் பார்த்தால் 1351 என்று வருகிறது! 670 வருடப் பழசா?

ப: சிங்கமும் பியோனிப் பூவும் கொடியும் நடுவே எழுத்துகளுமாக இருக்கிறதா? ஷோஹெய் என்ற ஜப்பானியச் சகாப்தத்தின் 6-ஆம் ஆண்டு (1351), ஆறாம் மாதம், முதல் நாள். அது அந்தத் தோல் வடிவத்தின் தேதி. அந்த அச்சுமாதிரி மக்களுக்குப் பிடித்துப்போய், நூற்றாண்டுக் கணக்கில் தேதியையும் சேர்த்தே திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தாபித ஆண்டு போட்ட மிட்டாய் டப்பா மாதிரி. உங்கள் படத்தில் உள்ள ஷிகொரோவின் (கழுத்தைக் காக்கத் தொங்கும் தகடுகள்) கட்டமைப்பைப் பார்த்தால் எடோ காலம்தான். அழகாக இருக்கிறது, மனம் தளர வேண்டாம்.

கே: பக்கவாட்டில் இருக்கும் எருமைக் கொம்புகள் உண்மையில் மரம் என்று கண்டுபிடித்தேன். ஏமாற்றப்பட்டேனா?

ப: மரமாக இல்லாமலிருந்தால்தான் ஏமாற்றப்பட்டிருப்பீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று கிலோ இரும்பு தலைமேல் இருக்கிறது. அதில் நிஜக் கொம்பையும் ஏற்றினால் கழுத்து என்னாவது? போர்த்தலைவர் குரோதா நாகமாசாவின் பேர்பெற்ற எருமைக்கொம்புக் கபுத்தோவே மரக்கொம்புதான். இன்னொரு போர்த்தலைவர் ஹோண்டா ததக்காட்சுவின் மான்கொம்பு, காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி மேலே அரக்குப் பூசியது. பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்த விசித்திர வடிவங்கள் பெருகியதற்கும் இதுவே காரணம். அடியில் சாதாரண இரும்புக் கிண்ணம், மேலே காகிதமும் மரமும் அரக்கும் வைத்துச் சங்கு, மீன்வால், மலைச்சரிவு, எது வேண்டுமானாலும். புகையும் கூச்சலுமான போர்க்களத்தில் தூரத்திலிருந்தே யார் என்று தெரிய வேண்டுமே. கொம்பின் அடியில் அரக்கு விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கே: முழுக்கத் துரு ஏறியிருக்கிறது. எலுமிச்சை, புளி, பித்தளை பாலிஷ், எது போட்டுத் துலக்கலாம்?

ப: எதுவும் வேண்டாம். அது துரு என்று யார் சொன்னது? மேலே சாவோதோமே பற்றி எழுதியதைப் படியுங்கள். செம்பழுப்பு நிறத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பதப்படுத்தியிருப்பார்கள். போதாக்குறைக்குத் துரு நிறத்தில் அரக்கே பூசும் முறையும் உண்டு. புளி போட்டால் நானூறு வருட நிறம் பத்து நிமிஷத்தில் போய், புதுச் சீனச்சட்டி போல ஒன்று கையில் நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்கிறதென்றால் அது நிஜத் துரு. அப்போதும் மென்மையான தூரிகையால் தூசி தட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள். உள்பக்கத்தோடு.

கே: முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு பட்ட பள்ளம் உள்ளது. 1600-இல் நடந்த செகிகஹாராப் போரில் பட்டது என்று சொல்லலாமா?

ப: சொல்லலாம், யார் தடுப்பது? நிரூபிக்க முடியாது என்பதுதான் சிக்கல். 1543-இல் தானெகாஷிமாத் தீவில் துப்பாக்கி வந்து இறங்கிய பிறகு, கவசத்தைப் பட்டறையிலேயே சுட்டுச் சோதித்து, அந்தப் பள்ளத்தையே உத்தரவாத முத்திரையாக விட்டுவைப்பது வழக்கமாயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பள்ளத்துக்குள் பாருங்கள். அரக்கு உடையாமல் பள்ளத்தின் அடிவரை வழுவழுப்பாக இறங்கியிருந்தால், சுட்ட பிறகு பூசியது. அதாவது சோதனைக் குண்டாக இருக்கலாம். அரக்கு சிதறி, அடியில் இரும்பு பளிச்சென்றிருந்தால், அண்மையில் யாரோ சுத்தியலும் உருண்டைமுனை உளியும் வைத்து வரலாறு எழுதியிருக்கிறார்கள்.

கே: சென்னையில் கடலோர வீடு. கபுத்தோவை எப்படி வைத்துக்கொள்வது?

ப: ஏசியைப் பகலில் நிறுத்தி ராத்திரியில் போடுவது, நிரந்தர ஈரத்தைவிடக் கெடுதல். இரும்பும் அரக்கும் மரமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரியும், அரக்கு உரிந்து வரும். ஈரப்பதம் 50–60-க்குள் நிலையாக இருக்கட்டும். ரொம்ப உலர்த்திவிடவும் கூடாது. நேர்வெயில் ஆகாது, பட்டு நாடாக்கள் நிறம் போய் இற்றுவிடும். கறுப்பு, கரும்பழுப்பு நாடா முதலில் போகும், சாயத்தில் இருக்கும் இரும்பு பட்டு இழையை அரித்துவிடும். அந்துருண்டையை உள்ளே போடாதீர்கள். ஷிகொரோ தொங்கும்படி, பாரம் கிண்ணத்தின் உள்பக்கம் உட்காரும்படி, பஞ்சு பொதிந்த தாங்கி செய்து வையுங்கள். எடுக்கும்போது இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். கொம்பைப் பிடித்துத் தூக்குகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.

கே: ஏலத்தில் எடுத்தால் சுங்கத்தில் பிரச்சினை வருமா?

ப: வாள் மாதிரிப் பதிவுச் சான்று எல்லாம் ஜப்பானில் கபுத்தோவுக்குக் கிடையாது. முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தவற்றை நாட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். அவை உங்கள் ஏலத்துக்கு வராது. கவனிக்க வேண்டியது வேறு. கரடித்தோல், ஆமையோடு, தந்தம் ஏதாவது ஒட்டியிருந்தால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: டோக்கியோவில் கண்ணாடிப் பெட்டியோடு வாங்கினேன். இரண்டு பக்கமும் குட்டி வில், குட்டி வாள். தங்கம் மின்னுகிறது. எந்த நூற்றாண்டு?

ப: இருபது. மே 5 சிறுவர் திருநாளுக்கு வீட்டில் வைக்கும் அலங்காரக் கபுத்தோ. அதிலும் அருமையான கைவேலைகள் உண்டு, மட்டமாக நினைக்காதீர்கள். ஆனால் பழம்பொருள் விலை கொடுத்திருந்தால் வீட்டில் சொல்ல வேண்டாம்.

கே: மகனுக்குப் பிறந்தநாள். எங்கள் கபுத்தோவை (17-ஆம் நூற்றாண்டு, சான்று உண்டு) ஒரே ஒரு தடவை அணிவித்துப் படம் எடுக்கலாமா?

ப: கூடாது. உகெபாரி ஒரு தலையின் பாரத்தில் கிழியும், முகவாய் நாடா இழுத்த இழுப்பில் அறும், பையன் குனிந்தால் நெற்றிச் சின்னம் தரையில் இருக்கும். மேலே மே 5 கபுத்தோ வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அது பையன் தலையில் ஏறுமா என்பது வேறு விஷயம்.