சலுகை யாருக்குக் கிடைத்தது?

கேள்வி: அமெரிக்காவில் பெடரல் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் என்று கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். கறுப்பினத்தவர், அதிலும் பெண் என்பதற்காகத்தானே அதிபர் ஜான்சன் அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்தார்? தகுதி பார்க்காமல் சலுகையில் கொடுத்த பதவி என்பதை ஏன் எழுதவில்லை? அப்படி வந்த ஒருவரிடம் மற்றவர்களுக்கு எப்படி நியாயம் கிடைக்கும்?

பதில்: எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். அது உண்மை இல்லை. போன இதழில் இடம் போதாமல் விட்டுப்போன விவரங்களையும் சேர்த்து இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பதவியைப் பற்றி. பெடரல் மாவட்ட நீதிமன்றம், அதாவது மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் என்பது ஜூரியை உட்கார வைத்து, சாட்சிகளை நேருக்கு நேர் விசாரிக்கிற கீழ்ப்படி. இப்போது 94 இருக்கின்றன. அதன் நீதிபதியாக வருவதற்குப் பரீட்சை கிடையாது, சீனியாரிட்டி கிடையாது. இன்ன வயது, இன்ன படிப்பு என்றுகூட அரசியல் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. அதிபர் பெயரை அனுப்புவார். செனட்டின் நீதித்துறைக் குழு விசாரிக்கும். அப்புறம் செனட் ஒப்புதல் தரும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஆயுள் முழுக்கப் பதவி. சம்பளத்தைக் குறைக்க முடியாது. நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றமே குற்றம் சுமத்தி விசாரித்துத்தான் நீக்க வேண்டும். ஆக, உள்ளே போகிற வாசல் முழுக்க முழுக்க அரசியல்வாதிகளின் கையில் இருக்கிறது. மோட்லிக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அதே வாசல்தான். அந்த வாசலில் யாரை எத்தனை நாள் நிற்க வைத்தார்கள் என்று பார்த்தால் சலுகை யாருக்குக் கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.

மோட்லி 1921-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் கடலில் இருக்கும் நெவிஸ் தீவிலிருந்து வந்தவர்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஒன்பதாவது. அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல் வேலை பார்த்தார். மோட்லிக்கு வக்கீலாக வேண்டும் என்ற ஆசை இருந்தது, படிக்கப் பணம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பழைய நாற்காலிகளுக்கு வார்னிஷ் பூசும் வேலைக்குப் போனார்.

அந்த நாட்களில் ஊரில் ஒரு கூட்டம். கறுப்பினத்தவருக்காகக் கட்டிய சமூகக் கூடத்துக்கு அவர்களே ஏன் அதிகம் வருவதில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து, நிர்வாகக் குழுவில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே, அப்புறம் எப்படி அதை எங்கள் இடம் என்று நினைப்போம் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற வெள்ளைக்கார கான்ட்ராக்டர்தான் அந்தக் கூடத்தைக் கட்டப் பணம் கொடுத்தவர். அவர் கோபப்படவில்லை. பெண்ணின் பள்ளி மதிப்பெண்களை விசாரித்தார், கூப்பிட்டு அனுப்பினார், எவ்வளவு படிக்கிறாயோ படி, செலவு என்னுடையது என்றார். மோட்லியின் வாழ்க்கையில் சலுகை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம். அதையும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

கொலம்பியா சட்டக் கல்லூரியில் படிக்கும்போதே, 1945-இல், கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷல் நடத்திய, கறுப்பினத்தவர் உரிமைக்காக வழக்காடும் என்.ஏ.ஏ.சி.பி. சட்ட நிதியத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே இருபது வருஷம். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த புகழ்பெற்ற பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் இவர். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளை வாதாடி 9-இல் ஜெயித்தார். தோற்ற ஒன்று, ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரைக் கழித்துக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த அலபாமா வழக்கு. 1965-இல் அதில் தோற்றார். 1986-இல் உச்ச நீதிமன்றமே தன் நிலையை மாற்றிக்கொண்டு அவர் வாதாடிய பக்கம் வந்தது.

இதெல்லாம் நியூயார்க் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்கும் வழக்குக்காக மட்டும் இருபது தடவைக்கு மேல் அந்த மாநிலத்துக்குப் போய் வந்தார். வெள்ளையர் ஹோட்டலில் அறை கிடைக்காது. எங்கே சாப்பிடுவது என்பதே ஒரு பிரச்சினை. அந்த மாநிலத்து உரிமைப் போராட்டக்காரர் மெட்கர் எவர்ஸ் காரை ஓட்டுவார், பின்னால் போலீஸ் வண்டி தொடரும். எழுதும் மஞ்சள் தாளைச் செய்தித்தாளுக்குள் மறைத்துக்கொள்ளுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள் என்று எவர்ஸ் சொன்னதை மோட்லி பின்னாளில் எழுதியிருக்கிறார். 1963 ஜூனில் அதே எவர்ஸைத் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

ஜாக்சன் நகரத்து பெடரல் நீதிமன்றத்தில் நீதிபதியின் இருக்கைக்குப் பின்சுவரில் ஒரு பெரிய ஓவியம் இருந்தது. ஒரு பக்கம் நன்றாக உடுத்திய வெள்ளைக் குடும்பம். மறுபக்கம் பஞ்சு எடுக்கும் கறுப்பினத் தொழிலாளர்கள், பாஞ்சோ வாசிக்கும் ஒருவர். மோட்லி எழுந்து நின்று வாதாடும்போதெல்லாம் கண்ணெதிரே அந்தச் சுவர்தான். மெரிடித் வழக்கை விசாரித்தவர் சிட்னி மைஸ், இவரும் பெடரல் மாவட்ட நீதிபதிதான். மிசிசிப்பி பல்கலைக்கழகம் நிறப் பாகுபாடு பார்க்கும் நிறுவனம் இல்லை என்று 1962 பிப்ரவரியில் அவர் தீர்ப்பு எழுதினார். தெரிந்தே அங்கே அதுவரை ஒரு கறுப்பின மாணவரையும் சேர்த்ததில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூனில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம் வெடித்து 2 பேர் செத்தார்கள். மறுநாள் காலை மெரிடித் பெயர் பதிந்தார்.

இந்த வழக்கை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1966-இல் செனட் நீதித்துறைக் குழுவின் தலைவராக உட்கார்ந்திருந்தவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். மிசிசிப்பிக்காரர். மோட்லி வழக்குப் போட்டுத் திறந்த அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் மேஜைக்குத்தான் மோட்லியின் கோப்பு போனது.

அதற்கு முன்பே ஒரு சறுக்கல் நடந்திருந்தது. இதற்குள் மேல்முறையீட்டு நீதிபதியாகியிருந்த மார்ஷல் காலி செய்த நாற்காலிக்குத்தான் ஜான்சன் முதலில் மோட்லியை நினைத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கி, ஒரு படி கீழே நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் பெயரை அனுப்பினார். அதிபர் கணக்குப் போடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கறுப்பினப் பெண்ணை நியமித்தவர் என்ற பெயர் தனக்கு வர வேண்டும் என்று அவர் விரும்பியிருப்பார். மோட்லியும் அரசியல் தெரியாதவர் இல்லை. 1964-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குப் போன முதல் கறுப்பினப் பெண், 1965-இல் மன்ஹாட்டன் பகுதித் தலைவரான முதல் பெண். எல்லாம் சரி. ஆனால் இருபது வருஷ வழக்குகளையும் உச்ச நீதிமன்றத்தின் 9 வெற்றிகளையும் வைத்துக்கொண்டு நினைத்த இடத்துக்கு ஒரு படி கீழே இறக்கப்பட்டவரைச் சலுகை பெற்றவர் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

1966 ஜனவரி 26-ஆம் தேதி பெயர் செனட்டுக்குப் போனது. ஈஸ்ட்லண்ட் அதை நகர விடவில்லை. கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டு என்றார். மாதக்கணக்கில் கோப்பு அப்படியே கிடந்தது. ஆகஸ்ட் 30-ஆம் தேதிதான் ஒப்புதல் கிடைத்தது. ஏழு மாதம்.

இப்போது இன்னொரு கோப்பைப் பாருங்கள். 1961-இல் அதிபர் கென்னடி மிசிசிப்பி தெற்கு மாவட்டத்துக்கு ஹரால்ட் காக்ஸ் என்பவரை நியமித்தார். காக்ஸ் அந்த ஈஸ்ட்லண்டின் கல்லூரித் தோழர். ஜூன் 20-ஆம் தேதி பெயர் போனது, ஜூன் 27-ஆம் தேதி ஒப்புதல். ஏழே நாள். அமெரிக்க வக்கீல் சங்கம் அவருக்குத் தன்னிடம் இருந்த மிக உயர்ந்த தகுதிச் சான்றைக் கொடுத்திருந்தது. தகுதி, தகுதி என்று கேட்டீர்களே, காகிதத்தில் அவரிடம் அது இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? 1964-இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வந்த கறுப்பின மக்களைச் சிம்பன்சிகள் என்று நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடியே சொன்னார். அதே வருஷம் நடந்த மூன்று உரிமைப் போராட்ட இளைஞர்களின் கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மீதான முக்கியக் குற்றச்சாட்டைத் 1965-இல் தள்ளுபடி செய்தார். உச்ச நீதிமன்றம் 1966-இல் அதைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. 1967-இல் ஜூரி 7 பேரைக் குற்றவாளிகள் என்றதும் அவரே தண்டனை விதித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஓட்டுரிமை கேட்டு வந்தவர்கள் அவருக்கு முன்னால் நின்ற வருஷங்களை யாரும் திருப்பித் தர முடியாது. பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று குரல் எழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஆயுள் பதவி.

நண்பர் கமிட்டித் தலைவராக இருந்ததால் ஏழு நாளில் வந்தவர் இவர். இவரைப் பற்றிச் சலுகையில் வந்தவர் என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஏழு மாதம் நின்றவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருப்பது அதுதான்.

சரி, மோட்லியிடம் நியாயம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் மோட்லியின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். 1975-இல் சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற பெரிய வக்கீல் நிறுவனத்தின் மீது, பெண் என்பதால் பாகுபாடு பார்த்ததாக ஒரு பெண் வக்கீல் போட்ட வழக்கு மோட்லியிடம் வந்தது. நீங்களும் பெண், நீங்களும் கறுப்பினத்தவர், இதே மாதிரி வழக்குகளை நடத்தியவர், அதனால் விலகிக்கொள்ளுங்கள் என்று நிறுவனத்தின் தரப்பு கேட்டது. மோட்லி மறுத்தார். பாலினமோ இனமோ முன்பு பார்த்த தொழிலோ மட்டுமே விலகுவதற்குப் போதுமான காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இந்த வழக்கை விசாரிக்க முடியாது என்று எழுதினார். ஆண் நீதிபதியும் ஒரு பாலினத்தைச் சேர்ந்தவர்தானே, வெள்ளைக்கார நீதிபதிக்கும் ஓர் இனம் உண்டுதானே? இதை அதற்கு முன்னால் அவ்வளவு தெளிவாக யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

1970-இல் ஒரு கைதியை ஒரு வருஷத்துக்கும் மேல் தனிமைச் சிறையில் அடைத்தது கொடுமை என்று தீர்ப்பளித்து நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை வெட்டினார்கள். கீழ்ப்படி நீதிபதிக்கு அது சகஜம், அவர் அதற்காக அடுத்த வழக்கில் பயந்து எழுதவில்லை. 1978-இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் ஆண் நிருபர்களை விட்டுவிட்டுப் பெண் நிருபரை மட்டும் தடுத்தது செல்லாது என்றார். ஸ்டேடியம் நகராட்சிக்குச் சொந்தமானது, அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதுதான் அதன் சட்ட அடிப்படை. 1982 முதல் 1986 வரை அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். அப்புறமும் ஓய்வு என்று வீட்டில் உட்காரவில்லை. மூத்த நீதிபதி என்ற நிலையில் 2005 செப்டம்பர் 28-ஆம் தேதி, தன் 84-ஆவது வயதில் காலமாகும் வரை அந்த நீதிமன்றத்து நீதிபதியாகவே இருந்தார்.

சலுகை என்ற வார்த்தையை ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். காக்ஸைப் பற்றி எழுதும்போது எழுதுவோம். மோட்லியின் பெயருக்குப் பக்கத்தில் எழுத மாட்டோம்.