பள்ளி நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து இந்திப் படம் பார்க்கப் போகிறோம், பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. எப்படி ஏற்பாடு செய்வது?

கேள்வியின் விவரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஊர் சென்னை, நாள் ஏதாவது ஒரு ஞாயிறு, ஆட்கள் பத்து. நாற்பதைத் தாண்டியவர்கள். நாலைந்து பேர் வடக்கே வேலை பார்த்ததால் இந்தி பேசுவார்கள், மற்றவர்களுக்கு சப்டைட்டில்தான் துணை.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இந்திப் படம் பெரும்பாலும் இரண்டேகால் மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஓடும். மல்டிபிளெக்ஸில் விளம்பரம், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 15 முதல் 20 நிமிடம், இடைவேளை ஒரு 10, 15 நிமிடம். ஆக, இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் மூன்றேகால் மணி நேரம் இருட்டுக்குள்ளே. 2023-இல் வந்த ‘அனிமல்’ மாதிரி 3 மணி 21 நிமிடப் படம் அமைந்துவிட்டால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருப்பவனோடு பேச முடியாது. பல வருடம் கழித்துச் சந்திக்கிறவர்களுக்குப் படத்தைவிடப் பேச்சுதான் முக்கியம். அதற்கு இடம் விட்டு மீதியில் படத்தை வையுங்கள்.

அப்படிப் பார்த்தால் மாலை 6.30 காட்சி இருப்பதிலேயே மோசமான தேர்வு. வெளியே வரும்போது மணி பத்தை நெருங்கும், அவரவர் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். செகண்ட் ஷோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை 10, 10.30 மணிக் காட்சிதான் சரி. ஒன்றேமுக்காலுக்குள் வெளியே வந்து, சாப்பிட உட்கார்ந்து, நாலு மணி வரை பேசலாம். பன்னிரண்டு மணிக் காட்சி எடுத்தால் மூன்றேகால் ஆகிவிடும். மதியச் சாப்பாடு பல கடைகளில் மூன்றோடு முடிந்துவிடும், பத்துப் பேர் பசியோடு நடைபாதையில் நின்று எங்கே போகலாம் என்று விவாதிப்பீர்கள். சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேருக்கு மேசை வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாளைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். திரையரங்குகளின் காட்சி அட்டவணை வெள்ளி முதல் வியாழன் வரையான வாரக் கணக்கு. அடுத்த வாரத்துக்கான காட்சிகள் பெரும்பாலும் புதன் இரவு அல்லது வியாழன்தான் புக்கிங்குக்குத் திறக்கும். பெரிய நடிகர் படத்துக்கு மட்டும் சில நாள் முன்பே திறப்பார்கள். ஆகவே மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிறுக்கு இப்போதே டிக்கெட் தேடினால் கிடைக்காது. அதைப் பார்த்துவிட்டுக் குழுவில் ‘படமே இல்லையாம்’ என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். நாளை மட்டும் முன்கூட்டியே பூட்டுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தெரிவுகள் வரை வைக்கலாம் என்பதற்காகப் பன்னிரண்டும் வைக்காதீர்கள். இரண்டு ஞாயிறு போதும், 48 மணி நேரக் கெடு.

தமிழ்நாட்டில் இந்திப் படத்துக்கு முதல் வாரம்தான் நல்ல நேரம். இரண்டாம் வாரத்தில் காட்சிகள் சட்டென்று குறையும், நல்ல நேரமெல்லாம் புதுத் தமிழ்ப் படத்துக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது ராத்திரி பத்தரை மணிக் காட்சி. டிக்கெட் போதுமான அளவு விற்காவிட்டால் அந்தக் காட்சியையே ரத்து செய்வதும் உண்டு. பணம் சில வேலை நாட்களில் திரும்பி வந்துவிடும், ஆனால் வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவருக்கு அது ஆறுதல் இல்லை. எனவே படம் வெளியாகும் வார இறுதியையோ, அதற்கடுத்ததையோ தாண்டாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். புக்மைஷோவில் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 டிக்கெட். பத்துப் பேர்தானே, ஒரே தடவையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்யும் வசதி எல்லாத் திரையரங்கிலும் இல்லை. இருக்கிற இடத்திலும் பொதுவாக மொத்த புக்கிங்கையும்தான் ரத்து செய்ய முடியும், ஒருவருடையதை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. ஆன்லைனில் டிக்கெட் போடுவதற்கு வாங்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் எப்படியும் திரும்பாது. அதனால் 4, 4, 2 என்று மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். ‘வரப் பார்க்கிறேன்டா’ என்று இழுக்கிற இரண்டு பேரை அந்தக் கடைசி இரண்டில் வையுங்கள். இதில் இன்னொரு வசதி, நுழைவில் காட்டும் க்யூஆர் புக்கிங்குக்கு ஒன்று. எல்லாம் ஒரே புக்கிங்காக இருந்தால், கடைசியாக வருபவருக்காக ஒருவர் வாசலிலேயே கைப்பேசியோடு காவல் நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டு பேர் இரண்டு கைப்பேசியில் ஒரே நேரத்தில் இருக்கை தேர்ந்தெடுப்பதையும் தவிருங்கள். ஒருவர் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் அந்த இருக்கைகள் சில நிமிடங்களுக்கு மற்றவர்களுக்கு விற்றுப்போனதாகவே தெரியும். ‘அதுக்குள்ள போயிடுச்சே’ என்று அடுத்தவர் வேறு வரிசையில் போடுவார். ஒரே ஆள், அடுத்தடுத்து மூன்று புக்கிங். அதுதான் சுத்தம்.

பணத்தை முதலில் வசூலித்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும் என்பது என் கட்சி. போட்டுவிட்டுக் கேட்டால் ஏழு பேர் உடனே அனுப்புவார்கள், இரண்டு பேர் மறப்பார்கள், ஒருவர் ‘நேர்ல தரேன்’ என்பார். யூபிஐயில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. தொகையைக் குறிப்பிட்ட க்யூஆர் ஒன்றை உருவாக்கிக் குழுவில் போடுங்கள். தொகையைக் கணக்கிடும்போது டிக்கெட் விலையோடு கன்வீனியன்ஸ் கட்டணத்தையும் அதன் மேல் வரும் ஜிஎஸ்டியையும் சேர்க்க மறக்காதீர்கள். ஒருவருக்குச் சில்லறைதான், பத்துப் பேருக்குச் சேர்த்தால் கைவிட்டுப் போகும். அந்தக் கட்டணமே வேண்டாம் என்றால் திரையரங்குக் கவுண்டரில் நேரில் வாங்கலாம். பக்கத்தில் குடியிருப்பவர் யாராவது இருந்தால் அது நல்ல வழி.

மொழிக்கு வருவோம், சிக்கலே இங்கேதான். ஒரே படம் இந்தியிலும் தமிழ் டப்பிங்கிலும் ஓடினால் செயலியில் இரண்டும் ஒரே பெயரில், மொழி மட்டும் மாறி வரும். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவது சகஜம், பணம் கட்டும் முன் மொழியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இந்திக் காட்சி என்றால் ஆங்கில சப்டைட்டில் உண்டா என்று காட்சி நேரத்தின் கீழே பாருங்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால் திரையரங்குக்கு ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு காட்சிக்கு இருந்து அடுத்ததற்கு இல்லாமல் போவதும் உண்டு.

சப்டைட்டில் இருந்தாலும் அது எல்லாவற்றையும் கொண்டுவராது. இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படி. ‘ஆப்’ நம் ‘நீங்க’. ‘தும்’ சாதாரண ‘நீ’. ‘தூ’ என்பது கடவுளிடமும் அம்மாவிடமும் உயிர் நண்பனிடமும் சொல்லும் ‘நீ’. அதையே அன்னியரிடம் சொன்னால் சண்டை. நாயகி அதுவரை ‘ஆப்’ என்று பேசிவிட்டு ஒரு காட்சியில் ‘தும்’ என்று இறங்கினால் கதையே அங்கே திரும்பிவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ஆகவே சப்டைட்டிலில் ஒன்றும் நடந்திருக்காது. இந்த மூன்று சொல்லை மட்டும் உள்ளே போகும் முன் சொல்லிக் கொடுத்துவிட்டால் இந்தி தெரியாதவரும் காதால் பிடித்துவிடுவார்.

உறவுமுறையும் அப்படித்தான். ‘பூஆ’ என்றால் அப்பாவின் அக்கா தங்கை, நம் அத்தை. ‘மௌசி’ என்றால் அம்மாவின் அக்கா தங்கை, பெரியம்மா சித்தி. ஆங்கில வரியில் இரண்டும் ஒரே ‘ஆன்ட்டி’. ‘பாபி’ அண்ணி, ‘ஜீஜா’ அக்காள் கணவர், ‘தேவர்’ கொழுந்தன், ‘சாலா’ மனைவியோடு பிறந்த மச்சினன், அதுவே வசைச் சொல்லும்கூட. தமிழில் ஒவ்வொன்றுக்கும் சொல் இருப்பதால் சப்டைட்டிலைவிட இந்தச் சொற்களையே கேட்பது நமக்கு எளிது. ஒரு இடத்தில் மட்டும் நம் புத்தி நம்மை ஏமாற்றும்: வடக்கே பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் மாமா மகனும் அத்தை மகனும் அண்ணன் தம்பி முறை. அத்தை மகன் வீட்டுக்கு வந்ததும் ‘ஆகா, முறைப்பையன்’ என்று நாம் ஒரு காதலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம், அவன் ராக்கி கட்டிக்கொள்ள வந்திருப்பான்.

பாட்டுக்குப் பல படங்களில் சப்டைட்டிலே இருக்காது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இதனால்தான் படத் தேர்விலும் கவனம் வேண்டும். கலவையான கூட்டத்துக்கு வார்த்தை விளையாட்டு நகைச்சுவைப் படம் எடுக்காதீர்கள். இந்தி தெரிந்தவர்கள் வசனத்துக்குச் சிரிப்பார்கள். மற்றவர்கள் இரண்டு விநாடி கழித்து வரியைப் படித்து, சிரிப்பு எங்கே என்று தேடுவார்கள். ஹரியானா, பீகார் வட்டார வழக்கில் பேசும் படம் என்றால் இந்தி தெரிந்த நம் ஆட்களே தடுமாறுவார்கள். சண்டை, துப்பறிதல், விளையாட்டு, குடும்பக் கதை ஆகியவை கண்ணாலேயே பாதி புரியும். பள்ளிக் காலத்துப் படம் எதுவும் மறுவெளியீட்டுக்கு வருகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள். சமீப வருடங்களில் பழைய இந்திப் படங்கள் அடிக்கடி திரைக்குத் திரும்புகின்றன. கதை முன்பே தெரிந்த படத்தில் மொழிப் பிரச்சினையே எழாது.

பிள்ளைகளை அழைத்து வரலாமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ‘ஏ’ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள், பெற்றோர் கூட இருந்தாலும் சரி. 2024 திரைப்படச் சான்றிதழ் விதிகளுக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. அது பெற்றோருக்கான வழிகாட்டல், தடை இல்லை.

இருக்கை: பத்தையும் ஒரே வரிசையில் நீளமாகப் போட்டால் இந்த முனையில் இருப்பவருக்கும் அந்த முனையில் இருப்பவருக்கும் தொடர்பே இருக்காது. ஐந்து ஐந்தாக அடுத்தடுத்த இரண்டு வரிசை, நேர் பின்னால் நேர் பின்னாலாக. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுப்பகுதி. பழைய அரங்குகளில் சாய்வு குறைவு. முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில்தான் முதலில் மறையும். அங்கே இன்னும் பின்னால் போங்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு ஓர இருக்கை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெள்ளெழுத்துக்கான படிக்கும் கண்ணாடி இங்கே உதவாது, தூரக் கண்ணாடி வேண்டும். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒன்றாகச் செய்த ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டவர்கள் ரிக்ளைனர் என்னும் சாய்வு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துவிட்டால் பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும். அது படிப்பதற்கான பகுதி, திரை மங்கும், அதிலும் சப்டைட்டில் மோசமாக மங்கும். ‘ப்ரொஜெக்டர் சரியில்லை’ என்று திட்டுவதற்கு முன் முதுகை நிமிர்த்திப் பாருங்கள்.

இந்தி தெரிந்தவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அவர் ஒரு வரியை விளக்குவதற்குள் மூன்று வரி போய்விடும், பின் வரிசைக்காரர் ‘உஸ்’ என்பார். சந்தேகங்களை இடைவேளைக்குச் சேர்த்து வைத்துக் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடமும் பாப்கார்ன் வரிசையிலேயே போய்விடாமல் இருக்க, உள்ளே நுழையும்போதே ஆர்டர் கொடுத்து ‘இடைவேளைக்கு’ என்று சொல்லிவிடலாம். வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்குக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. கேட்டு வாங்குங்கள்.

இடம் தேர்வு செய்யும்போது மெட்ரோவைப் பாருங்கள். ஞாயிறு மால் பார்க்கிங்கில் மாடி மாடியாகச் சுற்றி அரை மணி நேரம் இழப்பதைவிட வடபழனி நிலையத்தில் இறங்கி விஜயா மாலுக்கோ, திருமங்கலத்தில் இறங்கி விஆர் மாலுக்கோ நடப்பது எளிது. சொல்லும் நேரம் படம் தொடங்கும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்பாக இருக்கட்டும். உங்கள் வகுப்பில் யார் எப்போதும் தாமதம் என்பது உங்களுக்கே தெரியும், அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்பாகச் சொல்லுங்கள்.

குழுப் படத்தை உள்ளே போகும் முன் லாபியிலேயே எடுத்துவிடுங்கள், முடிந்ததும் கூட்டத்தில் ஆள் சிதறிவிடும். படம் ஓடும்போது ஸ்டேட்டஸுக்கு என்று திரையை வீடியோ எடுக்க வேண்டாம். 2023 திரைப்படத் திருத்தச் சட்டப்படி அனுமதியின்றித் திரைப்படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். பாட்டு வந்ததும் கைப்பேசியைத் தூக்குகிற நண்பர் எல்லா வகுப்பிலும் ஒருவர் உண்டு. அவரை ஓர இருக்கையில் போடாமல் நடுவில், நீங்கள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார வையுங்கள்.